எம்எஸ் தாய்வழி நோயா? எபிஜெனெடிக்ஸ் கேள்வி பதில்

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அதன் மரபியல் என் துறை. எபிஜெனெடிக்ஸ் என்றால், மரபணுவின் எழுத்து மாறாமல் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது மட்டும் மாறுவது. சுருக்கமாக எம்எஸ் என்றே எழுதுகிறேன். எந்த மருந்து எடுக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும்.

தேன்மொழி: ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் எம்எஸ் வருகிறதே, காரணம் எபிஜெனெடிக்ஸா?

கனடா ஆய்வுகளில், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு எம்எஸ் இருந்தால் மற்றவருக்கும் வந்தது சுமார் 25% தான். மரபணு மட்டும் போதாது என்பது தெளிவு. அதற்காக மீதி முக்கால் பங்கையும் எபிஜெனெடிக்ஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, வெறும் தற்செயல் எல்லாம் அதில் இருக்கின்றன. 2010-இல் இப்படிப்பட்ட மூன்று ஜோடிகளின் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) அலசியும் நோயை விளக்கும் வேறுபாடு சிக்கவில்லை. 2019-இல் 45 ஜோடிகளின் ரத்தச் செல்களில் மெத்திலேற்றத்தைப் (மெத்திலேஷன்: டிஎன்ஏ மீது ஒட்டி மரபணுவின் செயலைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறி) பார்த்தார்கள். கிடைத்த வேறுபாடுகள் சிறியவை. அவற்றில் ஒன்று, நோயாளி முன்பு எடுத்த ஸ்டீராய்டின் தடம் என்று பிறகு தெரிந்தது! இந்தத் துறையில் எதைப் படித்தாலும், மாற்றம் நோய்க்கு முன்பா பின்பா என்று முதலில் கேளுங்கள்.

ராஜி: எனக்கு எம்எஸ். என் குழந்தைக்கு வருமா?

வாய்ப்பு சுமார் 2%. பெரும்பாலும் வராது.

பாஸ்கர்: ரத்தத்தில் மெத்திலேஷன் டெஸ்ட் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுமா?

தெரியாது. ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் மெத்திலேற்றம் வேறு. ரத்தத்தில் பார்த்ததை மூளைக்குப் பொருத்த முடியாது. யாராவது இதை விற்றால் பணம் கொடுக்காதீர்கள்.

கதிரவன்: எம்எஸ் தாய்வழியில் அதிகம் வருகிறது என்று கனடா ஆய்வே சொல்லிவிட்டது. அதுதானே ஜீனோமிக் இம்ப்ரின்டிங்?

அவசரப்படுகிறீர்கள். அந்த 2004 ஆய்வு, பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகளைப் பற்றியது. தாய் பொது என்றால் எம்எஸ் ஆபத்து 2.35%, தந்தை பொது என்றால் 1.31%. நல்ல ஆய்வு. அது காட்டுவது தாய்வழிச் சாய்வு. இம்ப்ரின்டிங் அதற்கு ஒரு விளக்கம், அவ்வளவுதான். ஒரே தாயின் பிள்ளைகள் கருப்பையையும், தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியாவையும் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) பகிர்கிறார்கள். மகனோ மகளோ, எல்லாருக்கும் தாய் கொடுக்கும் எக்ஸ் குரோமோசோமும் இருக்கிறது.

இம்ப்ரின்டிங் என்பது இதைவிடக் கறாரான விஷயம். ஒரு குறிப்பிட்ட மரபணுவில், தந்தை கொடுத்த பிரதியோ தாய் கொடுத்த பிரதியோ ஒன்று மட்டும் வேலை செய்யும். மற்றது மெத்திலேற்றம் போன்ற குறிகளின் கட்டுப்பாட்டில் ஊமையாகக் கிடக்கும். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 மரபணுவில் தந்தையின் பிரதிதான் பேசும். நோயோடு இதை இணைக்க வேண்டுமானால், ஒரே மரபணு வேறுபாடு தந்தையிடமிருந்து வந்தால் ஒரு விளைவு, தாயிடமிருந்து வந்தால் வேறு விளைவு என்று காட்ட வேண்டும். டைப் 1 நீரிழிவில் 14ஆம் குரோமோசோமின் டிஎல்கே1 பகுதியில் 2010-இல் அப்படிக் காட்டினார்கள். எம்எஸ்ஸில் 2019 பட்டியலிலேயே ஆபத்தோடு தொடர்புள்ள 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் உண்டு. அந்த அளவுக்கு உறுதியான இம்ப்ரின்டிங் ஆதாரம் இல்லை.

மீனாட்சி: அப்படியானால் என் நோய்க்கு அம்மாதான் காரணமா?

இல்லை. இந்த எண்களை வைத்து எந்தத் தாயையும் குறை சொல்லாதீர்கள்.

கதிரவன்: கருப்பை சாக்கு செல்லாது சார். தாய்மாமன், மருமகன் (சகோதரி மகன்) ஜோடிகளிலும் தாய்வழிச் சாய்வு தெரிந்ததே? அவர்கள் ஒரே கருப்பையில் இருந்தார்களா?

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே கருப்பை வாதம் பலவீனமாகிறது. ஆனால் தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரே பாட்டியிடமிருந்து வந்தது! எக்ஸ் குரோமோசோமிலும் பங்கு இருக்கலாம். அப்புறம், 2006-இல் ஓர் அமெரிக்கக் குழு எம்எஸ் உள்ள தந்தையர்தான் பிள்ளைகளுக்கு அதிகம் கடத்துகிறார்கள் என்றது. மறு ஆண்டே கனடாக் குழு இருவரும் சமம் என்றது. தரவே இப்படி இழுபறியாக இருக்கும்போது "சொல்லிவிட்டது" என்று எழுதாதீர்கள்.

ஷமீம்: எதுவுமே உறுதியில்லை என்றால் எபிஜெனெடிக்ஸைப் பேசுவது ஏன்?

உறுதியான இடம் உண்டு. எம்எஸ்ஸுக்கு மிகப் பெரிய மரபணு ஆபத்து எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை. ஆபத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. அது உள்ளவர்களின் மோனோசைட் செல்களில் (ஒரு வகை வெள்ளணு) அந்த மரபணுவின் மெத்திலேற்றம் குறைவாகவும் செயல்பாடு அதிகமாகவும் இருப்பதை 2018-இல் காட்டினார்கள். மரபணு ஆபத்தில் ஒரு பங்கு மெத்திலேற்றம் வழியே வேலை செய்கிறது என்பது அவர்கள் முடிவு. கதிரவன் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருக்கலாம். ஆனால் இது இம்ப்ரின்டிங் அல்ல.

நந்தினி: ஃபோலிக் ஆசிட் அதிகம் சாப்பிட்டால் மெத்திலேற்றம் சரியாகிவிடுமா?

எந்த மரபணுவில், எந்தச் செல்லில்? மாத்திரைக்கு அது தெரியாது. ரத்த டெஸ்ட் பற்றி பாஸ்கருக்குச் சொன்னதையும் படியுங்கள். அடுத்து அதைத்தான் உங்களிடம் விற்க வருவார்கள்.

சரவணன்: அப்பாவுக்கு எம்எஸ். எனக்கு வருமா?

ராஜிக்குச் சொன்ன பதில்தான். புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள்.

கதிரவன்: இரு ஆய்வுகளை இணைத்துப் பார்த்தால்...

இணைத்து எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுச் சண்டை போடலாம்.