மடிநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காதபோது: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கறவை மாடு வளர்ப்போர் கேட்டவற்றுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

ஐயா, என் பசுவின் பின்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வருகிறது. காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றினால் தெளிகிறது. சில வாரங்களில் திரும்பி விடுகிறது. இதைவிட வீரியமான மருந்து எது?

மருந்தின் வீரியத்தைக் கேட்பதற்கு முன் கிருமி எது என்று கேட்க வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகோக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியின் வேலை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன என்பது, அம்மருந்து பரவலான பயன்பாட்டுக்கு வருமுன்பே, 1940-இல் கண்டறியப்பட்டது. இக்கிருமியின் பல வகைகளிடமும் அந்த நொதி உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றலின் மேல் போட்டுவிட முடியாது. இக்கிருமி மடியின் செல்களுக்குள் புகுந்துகொள்ளும், பசைப்படலம் கட்டிக்கொள்ளும், தழும்பேறிய கட்டிகளுக்குள் ஒதுங்கும். அதனால் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்ற மருந்தே மடிக்குள் தோற்றுப்போவதுண்டு. பல ஈற்றுக் கண்ட பசுவாக இருந்து, மடியில் கைக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால், குணமாகும் வாய்ப்புக் குறைவு. அதை மற்ற மாடுகளுக்குப் பிறகு கடைசியாகக் கறந்து, பால் வற்றிய காலத்தில் சிகிச்சை செய்து பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் மந்தையிலிருந்து விலக்குவதே மற்ற மாடுகளுக்கு நல்லது.

கிருமி எது என்று கண்டறியப் பால் மாதிரியை எப்படி எடுப்பது?

மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுங்கள். காம்பின் நுனியை ஆல்கஹால் பஞ்சினால், பஞ்சில் அழுக்குப் படிவது நிற்கும்வரை துடையுங்கள். முதல் சில பீச்சல்களைத் தள்ளிவிட்டு, சுத்தமான குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பீச்சி, உடனே ஐஸில் வையுங்கள். சாணம் ஒரு துளி விழுந்தாலும் அறிக்கை குழம்பிவிடும். கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள். ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பால் தெளிந்ததும் மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பால்குடத்துக்கு நிறையக் கேட்கிறார்கள். மருந்து ஏற்றிய பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் போதாதா? கன்றுக்காவது ஊட்டலாமா?

காய்ச்சுவதால் மருந்தின் எச்சம் போய்விடாது. அந்தப் பாலில் தயிர் சரியாக உறையாமல் போவதே அதற்குச் சாட்சி. பெட்டியில் குறித்துள்ள விலக்குக் காலம் முடியும்வரை அதை விற்கவும் கூடாது, கன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. அந்தச் சிறிதளவு மருந்து கன்றின் குடலிலுள்ள கிருமிகளில் எளியவற்றைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றைப் பெருகவிடும். சாணத்தோடு அவை கொட்டகையெங்கும் பரவும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மலேசியா 2019-இல் தடை செய்ததும் இத்தகைய பரவலுக்கு அஞ்சித்தான்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசலாமா?

வீக்கத்தின் மேல் பூசுவதை நான் தடுப்பதில்லை. காம்புத் துளைக்குள் மட்டும் எதையும் செலுத்தாதீர்கள். காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல், பால் தண்ணீர்போல் இறங்கினால் பூச்சை நம்பி ஒரு பொழுதுகூடக் காத்திருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் கொட்டகை காய்வதே இல்லை. என்ன செய்வது?

கறந்தவுடன் காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை மாடு படுக்காதபடி தொட்டியில் புதுப் புல்லைப் போட்டு நிற்க வையுங்கள். ஒரே துணியால் எல்லா மாட்டின் மடியையும் துடைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.