ஒளி சிகிச்சை படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாட்டியின் பாதத்தில் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த சர்க்கரைப் புண், ஒவ்வொரு முறையும் கூடவே போன பேத்தி, சிவப்பு வெளிச்சம் படப்படப் புண் சுருங்கியதைப் பார்த்துவிட்டு "நான் இதைத்தான் படிப்பேன்" என்ற பிடிவாதம், கூடவே மூன்றே மாதத்தில் லேசர் தெரபிஸ்ட் ஆகலாம் என்று ஒரு விளம்பரம். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, இன்னொருவரின் ஆறாத புண்ணை முகம் சுளிக்காமல் வாரா வாரம் உற்றுப் பார்த்திருக்கிறாள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அந்த ஆசையை அணைத்துவிடாதீர்கள். அதை எந்தப் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மட்டும் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி சிகிச்சை என்பது தனித் தொழில் இல்லை, ஒரு கருவி. பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், பல் மருத்துவர், தோல் மருத்துவர் எனப் பலர் கையில் அது இருக்கிறது. யாருக்கு, எங்கே, எவ்வளவு நேரம் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று முடிவெடுப்பவர்தான் சிகிச்சை செய்பவர். அந்த முடிவை எடுக்கும் தகுதி தரும் படிப்பில் அவளைச் சேருங்கள். ஒளி தானாக வந்து சேரும்.

"இது நிஜமான வைத்தியமா, வெறும் விளம்பரமா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இருக்கிறது, அதனால்தான் குழப்பம். வெளிச்சத்தால் நோய் தீர்ப்பது புதிதல்ல. டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய சிகிச்சைக் கூடத்தில் நர்சுகள் ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் உட்கார்ந்து, படிகக்கல்லால் ஆன லென்ஸ் ஒன்றைத் தோலில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த இடத்தில் ரத்தம் விலகினால்தான் ஒளி உள்ளே இறங்கும். இன்றைக்கும் வலிக்கு லேசர் கொடுப்பவர் அதன் முனையைத் தோலில் அழுத்திப் பிடிப்பதற்கு அதே காரணம் உண்டு.

உங்கள் மகள் பார்த்தது இதன் இன்னொரு கிளை. 1960-இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளில், புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை மருத்துவர் எலிகளின் முதுகை மழித்து லேசர் காட்டிப் பார்த்தார். லேசரால் புற்றுக்கட்டி கரைகிறதா என்று அறிவதுதான் அவர் நோக்கம். அவருடைய கருவியின் சக்தி மிகக் குறைவு, கட்டி கரையவில்லை. ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. 1967 வாக்கில் அவர் கவனித்த இந்தச் சின்ன விஷயத்திலிருந்துதான், குறைந்த சக்தி ஒளி திசுக்களைத் தூண்டும் என்ற துறையே கிளம்பியது. இன்று இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும்போது இந்தப் பெயரில் தேடச் சொல்லுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்களின் ஓரம் தணல்போலச் சிவந்து தெரியும். டார்ச்சிலிருந்து போனது வெள்ளை வெளிச்சம், வெளியே வந்தது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தமும் தோலின் நிறமியும் விழுங்கிவிட்டன. ஏறக்குறைய 600 முதல் 1100 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் உடல் ஒளிக்கு ஓரளவு வழிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கருவிகளெல்லாம் சிவப்பிலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும் இருக்கின்றன. உள்ளே போன ஒளியை, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வாங்கிக்கொள்கிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, வீக்கத்தைத் தணிக்கும் சமிக்ஞைகள் கிளம்புகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம். சூடுபடுத்துவதால் வரும் பலன் இல்லை இது.

பலன் எங்கே உறுதியாகத் தெரிகிறது? புற்றுநோய் சிகிச்சையின்போது வாய்க்குள் வரும் கொடுமையான புண்களைத் தடுப்பதில்தான் சான்று மிக வலுவாக இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெறுபவர்களுக்கும் இதைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. கழுத்து வலிக்கு, 2009-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாள்பட்ட வலி உள்ளவர்களில் 22 வாரம் வரை நிவாரணம் நீடித்ததாகச் சொன்னது. நாள்பட்ட முதுகு வலிக்குச் சான்று பலவீனம்தான். எல்லா வலிக்கும், முடி உதிர்வுக்கும், தொப்பைக்கும், ஞாபக சக்திக்கும் ஒரே விளக்கு என்று யாராவது சொன்னால் அங்கே நிற்க வேண்டாம்.

இப்போது பாட்டியின் காலுக்கு வருகிறேன். இதை உங்கள் மகளிடம் மெதுவாகப் பேசுங்கள், ஆனால் கட்டாயம் பேசுங்கள். அந்தப் புண்ணை விளக்கு மட்டும் ஆற்றவில்லை. யாரோ ஒருவர் செத்த சதையைச் சுத்தம் செய்தார். யாரோ ஒருவர் பாரம் படாமல் நடக்க ஏற்பாடு செய்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, கட்டு ஒழுங்காக மாற்றப்பட்டது, கிருமி பரவுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று முன்பே பரிசோதித்திருப்பார்கள். இவை எதுவும் இல்லாமல் வெறும் விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கால் வேறு மாதிரி முடிந்திருக்கும். சிவப்பு வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதைச் சுற்றி நடந்த வேலை கண்ணில் படாது. அவள் படிக்க வேண்டியது அந்த வேலையை.

மூன்று மாதச் சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் அப்படி ஒரு பயிற்சி முடித்து, ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தான். திரையில் "முழங்கால்" என்று இருக்கும், அதைத் தொட வேண்டும், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அணைக்க வேண்டும். முழங்கால் ஏன் வலிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு பெரியவர் தொடையில் ஒரு கட்டியைக் காட்டி, "இங்கேயும் கொஞ்சம் காட்டு தம்பி" என்று கேட்டிருக்கிறார். புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள இடத்தில் நேரடியாக இந்த ஒளியைக் காட்டக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை எச்சரிக்கை. அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. நல்ல வேளை, பயந்துபோய்க் காட்டவில்லை. அன்றைக்கே என்னிடம் வந்து, "சார், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான். பிறகு முறையாக பிசியோதெரபி சேர்ந்தான். போன வருடங்கள் திரும்பவில்லை.

சரி, முறையாகப் படித்தவர் என்ன செய்வார்? தோள்பட்டை வலியோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். முதல் கால் மணி நேரம் எந்தக் கருவியும் ஆன் ஆகாது. கையைத் தூக்கச் சொல்வார், பின்னால் கொண்டுபோகச் சொல்வார், எந்தக் கோணத்தில் முகம் சுருங்குகிறது என்று பார்ப்பார், விரலால் தசைநாரைத் தேடி அழுத்துவார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார், ஏனென்றால் சில மருந்துகள் தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். அப்புறம் நோயாளிக்கும் தனக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுவார். லேசர்களை ஆபத்தின் அளவை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள், சிகிச்சை லேசர்கள் பெரும்பாலும் 3பி அல்லது 4-ஆம் வகுப்பு. 4-ஆம் வகுப்பு என்பது 500 மில்லிவாட்டுக்கு மேல். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இமை தானாக மூடாது, விழித்திரை கருகிப்போகலாம். அந்தக் கண்ணாடியும் கருவியின் அலைநீளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு கறுப்புக் கண்ணாடி போதாது.

அதற்குப் பிறகு கணக்கு வருகிறது. உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்காது என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிடித்தாலும் பிடிக்கும். கருவியின் சக்தி 100 மில்லிவாட். ஒரு புள்ளியில் 40 விநாடி பிடித்தால் 4 ஜூல் ஆற்றல். ஒளி விழும் பரப்பு அரை சதுர செண்டிமீட்டர் என்றால், சதுர செண்டிமீட்டருக்கு 8 ஜூல். சில கருவிகள் துடிப்புத் துடிப்பாக ஒளி விடும். அவற்றின் பெட்டியில் உச்ச சக்தி பல வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், சராசரி சக்தி சில பத்து மில்லிவாட்தான் இருக்கும். எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது என்று தெரியாவிட்டால் மருந்தின் அளவே தவறிப்போகும். இன்னொன்று, கூடக் கொடுத்தால் கூடப் பலன் கிடைக்காது. குறைவாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, சரியாகக் கொடுத்தால் திசு தூண்டப்படும், அளவு மீறினால் அதே ஒளி திசுவை மந்தமாக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக வருவதற்கு இந்த அளவுக் குழப்பமும் ஒரு பெரிய காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு நோயாளி, "ஒன்றுமே தெரியவில்லையே, ஓடுகிறதா?" என்று கேட்பார். குறைந்த சக்திக் கருவியில் பெரும்பாலும் எந்த உணர்வும் இருக்காது. அந்த நேரத்தில் பொறுமையாக விளக்கி, கூடவே தோளுக்கான பயிற்சியையும் சொல்லிக்கொடுத்து, வீட்டில் செய்ய வைப்பதுதான் பெரிய வேலை. தோள் வலிக்கு ஒளி துணைதான், பயிற்சிதான் முதுகெலும்பு.

ஆக, எந்தப் படிப்பு? என் மனதில் முதலில் வருவது பிசியோதெரபி. அதன் பாடத்திட்டத்தில் எலக்ட்ரோதெரபி என்ற பகுதியில் அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (வலி குறையத் தோல் வழியே மெல்லிய மின்துடிப்பு கொடுப்பது) கருவிகளோடு லேசரும் வரும். படிப்புக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். சேரும் முன், அந்தப் பட்டத்தை வைத்துச் சட்டப்படி பதிவு செய்து தொழில் செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வேலை பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். நாளைக்கே ஒளி சிகிச்சை மவுசு இழந்தாலும் பக்கவாதம், எலும்பு முறிவு, முதுமை எதுவும் போய்விடாது, பிசியோதெரபிஸ்ட்டுக்கு வேலை இருக்கும்.

ஆனால் அவள் பாட்டியின் புண்ணைப் பற்றியே அதிகம் பேசுகிறாள் என்றால், நர்சிங்கைத் தள்ளிவிடாதீர்கள். நர்சிங் என்றதும் பெற்றோர் சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வருத்தம். ஆறாத புண்களைப் பராமரிப்பது இன்று தனிச் சிறப்புத் தேர்ச்சி. புற்றுநோய் வார்டில் வாய்ப்புண் தடுப்புக்கு ஒளி கொடுப்பவர்களில் நர்சுகளும் உண்டு. பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை வரும் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் வைக்கிறோமே, அதன் தொடக்கமே ஒரு நர்சின் கண்தான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்து, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே நின்றதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். இரண்டே ஆண்டில், 1958-இல், அந்த மருத்துவமனையின் ஆய்வு லான்செட்டில் வந்தது. ஒரு துணியின் நிழலைச் சரியாகப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் அது. உங்கள் மகளிடம் அப்படிப்பட்ட கண் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருவேளை அவள் கவனமெல்லாம் கருவி மேலேயே இருந்தால், ஏன் சிவப்பு, உள்ளே எவ்வளவு ஆழம் போகும், எல்.இ.டி.க்கும் லேசருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள் என்றால், அது பயோமெடிக்கல் இன்ஜினியரிங் அல்லது இயற்பியல் பக்கம். கருவியை வடிவமைப்பது, வெளிவரும் சக்தியை அளந்து சரிபார்ப்பது, கறுத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் ஒரே அளவு போதுமா என்று ஆராய்வது எல்லாம் அங்கே நடக்கிறது. பல் மருத்துவம், தோல் மருத்துவம் வழியாகவும் இங்கே வரலாம், ஆனால் உங்கள் கடிதத்தில் அவளுக்கு மருத்துவப் படிப்பு ஆசை இருப்பதாக எதுவும் தெரியவில்லை, அதனால் அதற்குள் நான் போகவில்லை.

சேர்க்கைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். பாட்டிக்குச் சிகிச்சை செய்தவரிடமே அனுமதி கேட்டு, நோயாளிகள் சம்மதித்தால், இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அவளை அனுப்புங்கள். பெயர் எதையும் எழுதாமல், பார்த்ததை மட்டும் ஒரு நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு நோயாளியிடமும் கருவியைத் தொடும் முன் சிகிச்சை செய்பவர்கள் என்னென்ன கேட்டார்கள், எதைத் தொட்டுப் பார்த்தார்கள், யாருக்கு ஒளி வேண்டாம் என்றார்கள், ஏன் என்று. அந்த நோட்டை அப்படியே எனக்கு அனுப்புங்கள், திருத்த வேண்டாம். பக்கமெல்லாம் மனிதர்களா, கருவியா என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை அவளோடு நேராகப் பேசுகிறேன்.