அந்த டம்ளர் யாருடையது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு 31 வயது. கல்யாணமாகி வந்த பிறகு மாமனாரிடம் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்கிறேன், மூன்று வருஷம் ஆகிறது. கற்பதை ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். 14 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அதைப் பார்த்தே ஒருவர் 12 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கிருஷ்ணர் படம் வாங்கினார். மக்கு வேலை, அதாவது சாக் பசையால் பலகையில் மேடு எழுப்புவது மட்டும், எனக்கு இன்னும் கைவரவில்லை, மாமாதான் போட்டுத் தருவார். வீடியோ நீளமாகிவிடும் என்று அந்த இடத்தை வெட்டிவிடுவேன். போன மாதம் படத்தில் ஒட்டிய தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) சுருங்கிப்போனதை அப்படியே போட்டேன். ‘தெரியாத வேலையை ஏன் ஊருக்குக் காட்டுறே’ என்று கேலி செய்துவிட்டார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் என் கணவர், இன்ஸ்டாகிராம் கணக்கையே மூடிவிடு என்கிறார். நன்றாகத் தேறிய பிறகு முடித்த படங்களை மட்டும் போட்டால் போதுமா?

பதில்: கேலிக்குப் பயந்த கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன. பாடுகிறவர், கவிதை எழுதுகிறவர், கேக் செய்கிறவர் என்று எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரேக்கு சுருங்கிய வீடியோவை நீக்காதீர்கள். அதற்குக் கீழேயே ஒருவர், நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சால் மெல்ல ஒற்றுங்கள் என்று பொறுமையாக எழுதியிருக்கிறார். தப்பை வெளியே காட்டியதால் கிடைத்த பாடம் அது. சாப்பாடு இறங்காத அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரிதான் என்னை உறுத்துகிறது. ‘வீடியோ நீளமாகிவிடும் என்று அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.’

நீங்கள் அனுப்பிய கிருஷ்ணர் வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். பிரஷ் கழுவுவது ஒன்பது நொடி ஓடுகிறது. ஜன்னலோரப் பூனை ஐந்து நொடி. அப்புறம் காட்சி சட்டென்று தாவுகிறது. பென்சில் கோடாக இருந்த கிரீடமும் மாலையும் தூணும் அடுத்த நொடியில் புடைத்து நிற்கின்றன. அந்தத் தாவலில், பலகையின் இடது ஓரத்தில், அதுவரை இல்லாத ஒரு பித்தளை டம்ளர் இருக்கிறது. அது யாருடைய டம்ளர், அம்மா?

பூனைக்கு ஐந்து நொடி இருக்கிறது. மாமாவின் கைக்கு இல்லை. இதில் நீளம் எங்கே வந்தது?

வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: ‘அக்கா, மக்கு எவ்ளோ நைஸா இருக்கு, எப்படிப் போடறீங்க?’ நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள்: ‘எல்லாம் பிராக்டிஸ்தான் மா.’ யாருடைய பிராக்டிஸ்? ரேக்கு சுருங்கியதை ஊருக்குக் காட்டத் துணிந்த உங்களுக்கு, ‘இது என் மாமனார் போட்டது’ என்று நான்கு வார்த்தை எழுத வரவில்லையே. நேர்மையாகக் கற்கிறேன் என்று சொல்லித்தான் 14 ஆயிரம் பேரைச் சேர்த்தீர்கள். 12 ஆயிரம் ரூபாய் கொடுத்தவரும் முழுப் படமும் உங்கள் கை வேலை என்று நம்பித்தானே வாங்கியிருப்பார்?

தஞ்சாவூர்ப் படத்துக்கு மக்கு எப்படிப்பட்ட வேலை என்று மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணி ஒட்டிய பலகையில் சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்து அடுக்கடுக்காக மேடு எழுப்பினால்தான் அதன்மேல் கல்லும் ரேக்கும் உட்காரும். பதம் தப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். அந்தப் பதம் அவர் விரலில் இருக்கிறது.

பழைய தஞ்சாவூர்ப் படங்களை உற்றுப் பாருங்கள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்த கலை. சாமி பெயர் தெரியும், ராஜா பெயர் தெரியும். வரைந்தவர் பெயர் பெரும்பாலான படங்களில் கிடையாது. பிற்பாடு 2007-08இல் புவிசார் குறியீடு வந்தது. அதுவும் ஊர்ப் பெயரைத்தான் காப்பாற்றுகிறது. ஆள் பெயரைச் சொல்ல வீட்டு மனிதர்கள்தான் உண்டு. உங்கள் கையில் போன் இருக்கிறது, நீங்களோ அவரை வெட்டிப் போடுகிறீர்கள்.

உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கைக் கதையை 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தபோது, அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்து ஏறக்குறைய 64 வருஷம் ஆகியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை. ஆனாலும் பாடம் கேட்ட நாட்களை அவர் பக்கம் பக்கமாக எழுதினார். கற்பதை ஊரறியச் சொல்வது என்றால் எனக்கு அதுதான் அளவுகோல். கற்பித்தவர் இல்லாமல் கற்ற கதை ஏது?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் தொழில் ரகசியத்தைப் பெற்ற மகளுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள், வேறு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று. உங்கள் மாமா, வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். மகன் வங்கிக்குப் போய்விட்டார், அதில் தவறில்லை. ஆனால் அப்பாவின் பலகைப் பக்கம் உட்காராதவர், கணக்கை மூடு என்று சொல்வதற்கு நான் அவ்வளவு மதிப்புத் தர மாட்டேன். மருமகள் என்ற முறையில் உங்களுக்குத்தான் இங்கே கடமை இருக்கிறது.

அதனால் முடித்த படங்களை மட்டும் போடலாமா என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். இப்போதைக்கு எதையுமே போடாதீர்கள். முதலில் மாமாவிடம் போய் உட்கார்ந்து, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அந்த வீடியோவையும் போட்டுக் காட்டுங்கள். எதை வெளியே காட்டலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கோந்து அளவைச் சொல்லாதே என்றால் சொல்லாதீர்கள், அது அவர் சொத்து. முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள். சம்மதித்தால், அவர் மக்கு போடுவதை வெட்டாமல் ஒரு வீடியோவாகப் போட்டு அவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு எழுதிய பதிலைத் திருத்துங்கள். படம் வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் உங்கள் மக்கு வெடித்தாலும் சரி, வழிந்தாலும் சரி, தைரியமாகப் போடுங்கள்.

அந்த 12 ஆயிரத்தில் அவர் கையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.