‘நாளை காலை’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள சார்,

உங்கள் லாட்ஜ் நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளை விரும்பி வாசிப்பவன். போன மாதம் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். 38 அறைகள், மூன்று ஷிப்ட். ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்கும் லாக் புக் இருக்கிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ‘ஆல் ஓகே’ மட்டும்தான். கேட்டால், “சாஃப்ட்வேர் இருக்கு, வாட்ஸ்அப் குரூப் இருக்கு, நோட்டு எதுக்கு?” என்கிறார்கள். நோட்டு உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் என்ன எழுதச் சொல்வது?

க.

அன்புள்ள க.,

தேவைதான். 204இல் யார் தங்கியிருக்கிறார், எவ்வளவு பாக்கி என்பதை சாஃப்ட்வேர் சொல்லும். அந்த அறையில் கீசர் ஓடவில்லை, எலக்ட்ரீஷியன் ஏழு மணிக்கு வருகிறார், அதுவரை பக்கத்து அறையில் குளித்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து தட்டினால்தான் அது சொல்லும், யாரும் தட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் போடலாம்தான். ஆனால் அது லீவில் ஊருக்குப் போனவனுக்கும் போகும், கவுண்டரில் நிற்பவனுக்கும் போகும், நடுவில் பத்து குட்மார்னிங் வந்து விழும், கடைசியில் இவன் பார்த்துக்கொள்வான் என்று அவனும் அவன் பார்த்துக்கொள்வான் என்று இவனும் இருந்துவிடுவார்கள்.

நான் மதுரையில் ஒரு லாட்ஜில் நைட் ஷிப்ட் பார்த்தவன். ஒருநாள் பஸ் கிடைக்காமல் நள்ளிரவு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தேன். அதுவரை எனக்காக உட்கார்ந்திருந்த பையன், பன்னிரண்டு பத்துக்கு வந்து சொன்ன ஒரு பெரியவருக்காக, புதுத் தேதி போட்டு அதன் கீழே ‘நாளை காலை 5 மணிக்கு எழுப்பவும்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். அவன் கணக்கில் அன்றைய ராத்திரி இன்னும் முடியவில்லை, நானோ மேலே இருந்த தேதியைப் பார்த்து மறுநாளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர் பெட்டியோடு கீழே வந்தபோது வைகை எக்ஸ்பிரஸ் போய்விட்டது. சாயங்காலம் சென்னையில் நிச்சயதார்த்தமாம். திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் சங்கடம். ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மேனேஜர் வந்து அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னார், கிழித்தேன். நடுவில் தைத்த நோட்டு அல்லவா, ஒரு தாளைக் கிழித்தால் மறுபக்கத்து ஜோடித் தாளும் கழன்றுவிடும். அதில் வேறொரு நாள் வாங்கிய அட்வான்ஸ் கணக்கு இருந்தது, இரண்டு வாரம் அதைத் தேடினோம்.

அதனால் முதல் வேலையாக நோட்டில் பக்க எண் போடுங்கள். தப்பாக எழுதினால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து, ஒயிட்னர் கூடாது. ‘நாளை’, ‘இன்று’ எல்லாம் வேண்டாம், தேதியும் 05.00, 17.00 என்று நேரமும் எழுதட்டும். உங்கள் சாஃப்ட்வேரிலும் நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கை மூடும் வேலை, முடித்தால்தான் தேதி மாறும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் கவுண்டரில் இரண்டு தேதி இருக்கிறது.

என்ன எழுதுவது? முடிந்ததைவிட முடியாததை. கொடைக்கானலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும், கவுண்டரில் சி ஃபார்ம் என்று சொல்லிப் பழகியது அதைத்தான். ராத்திரி பதினொன்றுக்கு ஒருவர் வந்து இன்டர்நெட் படுத்துவிட்டால், ‘சி ஃபார்ம் ஏற்றவில்லை, பாஸ்போர்ட் நகல் டிராயரில்’ என்று ஒரு வரி இருந்தால் காலையில் வருபவன் தப்பித்தான். கல்லாவில் எவ்வளவு, மாஸ்டர் சாவி யாரிடம், இதற்கு வாங்குபவனும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எண்ணிப் பார்ப்பான்.

விருந்தினரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் வேண்டாம். ‘110 குடித்துவிட்டுக் கலாட்டா’ என்பதைவிட ‘23.40, 110இல் சத்தம், 112இலிருந்து புகார், நேரில் போய்ச் சொன்னேன், அடங்கியது’ போதும். அந்த நோட்டு கவுண்டரில் விரித்தபடி கிடக்கும், 110காரரே எட்டிப் படிப்பார். எங்கள் லாட்ஜில் படித்திருக்கிறார்.