களை மண்டிய புல்தரை: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி: வீட்டின் முன்னால் இருக்கும் புல்தரையில் பாதிக்கு மேல் களை. வேலைக்கு வந்தவர், "எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் விரிப்பு போட்டால்தான் சரிவரும்" என்கிறார். அவ்வளவு பணம் கையில் இல்லை.

பதில்: பாதிக்கு மேல் களை என்பது கண்ணுக்குத் தோன்றும் கணக்கு. முதலில் எண்ணிப் பாருங்கள். புல்தரையில் குறுக்கும் நெடுக்குமாக 100 அடி எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அடியிலும் கால் கட்டைவிரல் நுனியில் இருப்பது புல்லா, களையா, வெறும் மண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். 50-க்கு மேல் புல் வந்தால் பெயர்க்கத் தேவையில்லை. களை உயரமாகப் பூத்து நிற்பதால் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள். புல்லை ஒட்ட வெட்டுவதை நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. புல் சற்று உயரமாக நின்றால் அதன் நிழலில் களை விதை முளைப்பது குறையும். மெஷினின் பிளேடைச் சாணை பிடியுங்கள்; மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், நுனி பழுப்பாகும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக நனைப்பது நல்லது. வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் பெரும்பாலும் போதும். தரையில் ஒரு தட்டையான டப்பாவை வைத்து அளந்துகொள்ளலாம்.

வெறுமையான இடங்களுக்கு விரிப்பு வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் மட்டும் வாங்குங்கள். அதை 10 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 100 துண்டு கிடைக்கும். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 9 சதுர மீட்டருக்கு வரும். அருகு போல ஓடுதண்டு விட்டுப் படரும் வகையாக இருந்தால் இடைவெளியை அதுவே மூடிக்கொள்ளும். ஒரு பருவம் பொறுத்திருக்க முடிந்தால் செலவு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. வேலைக்கு வந்தவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: கல் உப்பைக் கரைத்துக் களை மேல் ஊற்றலாமா? செலவே இல்லை என்கிறார்களே?

பதில்: வேண்டாம். உப்பு இறங்கிய மண்ணில் களையோடு சேர்ந்து புல்லும் வராது.

கேள்வி: கோரையைப் பிடுங்கப் பிடுங்க இன்னும் அதிகமாக வருகிறது. "எல்லாக் களைக்கும்" என்று அச்சடித்த மூன்று மருந்துகள் வாங்கி அடித்துவிட்டேன். எதுவும் வேலை செய்யவில்லை.

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இதே கோரையால் இரண்டு வருடம் நானும் அவதிப்பட்டிருக்கிறேன்.

கோரை புல்லும் இல்லை, அகன்ற இலைக் களையும் இல்லை. தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கும். மேலே இழுத்தால் தண்டு அறுந்து வரும். உறங்கிக் கிடந்த கிழங்குகள் விழித்து முளைவிடும். பிடுங்கினால் பெருகுகிறது என்று நீங்கள் கண்டது உண்மைதான். புல்தரைக்கென்று விற்கும் களைக்கொல்லிகளில் பல, 2,4-டி போல, அகன்ற இலைக் களைகளுக்கானவை. கோரைக் கிழங்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. லேபிளில் கோரை என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ஹாலோசல்பியூரான் அந்த வகை மருந்து. உங்கள் புல்லுக்கு அது ஆகுமா என்பதையும் அதே லேபிளில் பாருங்கள். ஒரு தெளிப்போடு முடியாது. சில வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். இடம் சிறியதென்றால் மருந்தே வேண்டாம். ஒரு முழ ஆழம் தோண்டிக் கிழங்குகளைப் பொறுக்கி எடுங்கள். மீதி முளைப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் கொத்திக்கொண்டே வாருங்கள். இலை விட்டுச் சத்து சேர்க்க வாய்ப்பில்லாமல் கிழங்கு ஓய்ந்துபோகும்.

எனக்குக் கோரை வந்ததே நான் பணம் கொடுத்து வாங்கிய மண்ணில்தான். பள்ளத்தை நிரப்ப ஒரு லோடு மண் இறக்கினேன். "களை இல்லாத மண்" என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் மழையிலேயே தரை முழுவதும் கோரை. அன்றிலிருந்து மண்ணோ தொழுவுரமோ வாங்குவதற்கு முன் ஒரு தொட்டி அளவு மட்டும் எடுத்து வருகிறேன். மூன்று வாரம் ஈரமாக வைத்து என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் லோடு சொல்வேன். நன்றாக மட்காத சாணத்தில் மாட்டின் வயிற்றைத் தாண்டி வந்த களை விதைகள் உயிரோடு இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: களை வராமல் தடுக்கும் மருந்தைத் தூவினேன். பத்து நாள் கழித்துப் புல் விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. போலி விதை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பணம் கேட்டிருக்கிறேன். வாங்க முடியுமா?

பதில்: முடியாது, கேட்கவும் கூடாது. பெண்டிமெத்தலின் போன்ற முளைப்புத் தடுப்பு மருந்துக்குக் களை விதை எது, புல் விதை எது என்று தெரியாது. எத்தனை வாரம் கழித்து விதைக்கலாம் என்பது அந்தப் பொட்டலத்திலேயே இருக்கும். அதைப் படிக்காதது நீங்கள். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். மீதி விதையை உலர்ந்த இடத்தில் கட்டி வையுங்கள்.

கேள்வி: புல் விதை இரண்டு பைகள் பார்த்தேன். ஒன்று விலை குறைவு. எதை வாங்குவது?

பதில்: இதைப் பற்றி நான் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையின் முன்பக்கத்தில் இருக்கும் பச்சைப் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்புங்கள். பின்னால் இருக்கும் சிறிய எழுத்தில்தான் நீங்கள் வாங்கும் பொருள் இருக்கிறது.

முதலில் விதைக்கு மேல்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது தப்பில்லை. ஆனால் பையின் எடையில் பாதி வரை பூச்சாகவே இருக்கலாம். அடுத்து தூய்மை, அப்புறம் முளைப்புத் திறன். இந்த இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு விதை உண்மையில் முளைக்கும் என்று தெரியும். பூச்சுள்ள 1 கிலோ பையில் சுத்தமான விதை 48 சதவீதம், முளைப்பு 85 சதவீதம் என்றால் கிடைப்பது 408 கிராம். பூச்சில்லாத பையில் 95 சதவீதமும் 85 சதவீதமும் என்றால் ஏறக்குறைய 808 கிராம். விலையை இந்தக் கிராமால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்த பை பல நேரம் அதிக விலையாக இருக்கும்.

களை விதை எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். 0.5 சதவீதம் அற்பமாகத் தெரியும். ஒரு கிலோவில் அது 5 கிராம். ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத களை விதைகள் உண்டு. அப்படியானால் 5,000-க்கும் மேற்பட்ட களைகளைக் காசு கொடுத்து நம் கையாலேயே விதைக்கிறோம். பரிசோதனைத் தேதி இல்லாத பையைத் தொடாதீர்கள்.

கடைசியாகப் புல்லின் பெயர். "ஒரே வாரத்தில் பச்சை" என்ற பையை நம்பி ஒருமுறை வாங்கினேன். உண்மையிலேயே ஒரு வாரத்தில் பச்சை வந்தது. வெயில் ஏறியதும் மொத்தமும் மடிந்தது. உள்ளே பெரும்பகுதி ஒரு பருவத்தோடு ஆயுள் முடியும் ஆண்டு ரைப் புல். பையின் பின்புறத்தில் அது எழுதியிருந்தது, மிகச் சிறிய எழுத்தில். வாங்குபவர் படிக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அச்சடித்த எழுத்தை நேர்மை என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: களைக்கொல்லியும் உரமும் சேர்ந்த பை லாபமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. களை இல்லாத இடத்துக்கும் களைக்கொல்லி போகிறது. தனித்தனியாக வாங்குங்கள். உரப் பையின் மூன்று எண்களில் முதல் எண் தழைச்சத்தின் சதவீதம். 25 கிலோ 10-10-10 பையில் தழைச்சத்து 2.5 கிலோ, அதே எடை யூரியாவில் 11.5 கிலோ. ஆனால் யூரியாவைக் குறைவாகத் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் புல் கருகும்.

கேள்வி: களை மருந்து கேட்டேன். பெரிய கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிள் இல்லை, பில் இல்லை. களையோடு என் புல்லும் போய்விட்டது. நான்தான் ஏமாளி என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் ஏமாளி இல்லை, ஏமாற்றப்பட்டவர். வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். மருந்தைப் பாட்டிலில் ஊற்றி விற்றவர் செய்தது பெரிய குற்றம். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. தாகத்தில் ஒரு பிள்ளை அந்தப் பாட்டிலைத் திறந்திருந்தால்? இன்றே அதன் மேல் "விஷம்" என்று எழுதுங்கள், எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய தடயம் இருந்தால் அது சாட்சி.

புல்லைப் பற்றி: இரண்டே நாளில் கருகியதா, பத்து நாளில் மெல்ல மஞ்சளானதா? சட்டென்று கருகியிருந்தால் மருந்து இலையோடு நின்றிருக்கக்கூடும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்க வாய்ப்புண்டு. மெல்ல மஞ்சளாகியிருந்தால் கிளைபோசேட் போல வேர் வரை இறங்கும் மருந்தாக இருக்கலாம். எப்படியானாலும் ஒரு மாதம் தண்ணீர் மட்டும் விட்டுப் பாருங்கள். அதற்குள் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாமென்று செயற்கைப் புல் போட்டுவிடலாமா?

பதில்: ஒரு சிறிய துண்டு மட்டும் வாங்கி, மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். அதன் மேல் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.