உப்பு எந்த மாதம் வாருவார்கள்?

வணக்கம் சார்,

தூத்துக்குடியில் ஒரு வங்கியில் வேலை. நான் மதிக்கும் மூத்த நாவலாசிரியர் ஒருவருக்குச் சில வருடங்களாகக் கதைகள் அனுப்புகிறேன். ‘இது கதையில்லை, இன்னும் எழுது’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. எந்தப் பத்திரிகைக்கும் சிபாரிசு செய்ததில்லை. போன மாதம், ‘உங்கள் ஊர் உப்பளத்தில் எந்த மாதம் உப்பு வாரத் தொடங்குவார்கள், கேட்டுச் சொல்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பிரெஞ்சுச் சிறுகதைக்காரர் மாப்பசானுக்கு குருவாக நாவலாசிரியர் ஃப்ளோபேர் கிடைத்ததுபோல் எனக்கு வாய்க்கவில்லையே? வேலையை விட்டு முழுநேரமாக எழுதினால் என்னைப் பொருட்படுத்துவாரா? கதை ஒன்று இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

வேலையை விடாதீர்கள். மாப்பசான் கடற்படை அமைச்சகத்தில் குமாஸ்தா. அங்கே முடியவில்லை என்று புலம்பியபோது ஃப்ளோபேர் தனக்குத் தெரிந்த கல்வி அமைச்சரிடம் சொல்லி அந்த அமைச்சகத்துக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். பத்திரிகை சிபாரிசு பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அவர்கள் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை இப்போதுதான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஏக்கம் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. 1878 ஆகஸ்டில் ஃப்ளோபேர் விடும் டோஸைப் படித்திருக்கிறீர்களா? பெண்கள், படகு, உடற்பயிற்சி எல்லாமே உனக்கு அதிகம், மாலை ஐந்திலிருந்து காலை பத்துவரை எழுத்துக்குக் கொடு என்கிறார். உங்கள் ஆள் சாது. ஏழு வருடம் எழுதியதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று மாப்பசானே பின்னாளில் சொன்னார். 1880 பிப்ரவரியில்தான் அவருடைய ‘பூல் த சுயிஃப்’ கதையை மாஸ்டர்பீஸ் என்று ஃப்ளோபேர் எழுதுகிறார். மே 8ஆம் தேதி இறந்துபோனார்.

சரி, உப்புக்கு வருவோம். 1877 நவம்பரில் ஃப்ளோபேருக்குத் தன் நாவலுக்காக பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் ஒரு பாறைச்சரிவு தேவைப்பட்டது. இரண்டு பேர் நடந்துபோக, ஒருவன் பயந்து ஓட வேண்டும். ஐம்பத்தைந்து வயது, பெரும் புகழ். அவர் கேட்டது அந்தக் கரையில் வளர்ந்த குமாஸ்தாவை. மாப்பசான் ஆந்திஃபேர் முனையிலிருந்து எத்ரெதா வரை எங்கே இறங்கலாம், எங்கே வழி அடைபடும் என்று படம் வரைந்து அனுப்பினார். ‘பார்த்ததுபோலவே இருக்கிறது, ஆனால் எனக்கு இது சிக்கல், எளிதாக ஒன்று வேண்டும்’ என்கிற மாதிரி பதில் வந்தது. அந்தப் பையன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே! ஐப்பசி மழையோடு அளத்தில் வேலை நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? இன்டர்நெட் அவர் வீட்டிலும் இருக்கும். உங்கள் கண்ணைக் கேட்கிறார் ஐயா. உப்புத் தண்ணீரில் நின்ற காலில் எந்த இடத்தில் முதலில் புண் வரும், வெள்ளை கூசும்போது முகத்தை எப்படிச் சுளிப்பார்கள், வாரிய உப்பை எதைப் போட்டு மூடுவார்கள் என்று.

எனக்கும் ஒருவர் இருந்தார். கதை அனுப்பினால் அஞ்சலட்டையில், ‘கடைசி பஸ் போன பிறகு உங்கள் பஸ் ஸ்டாண்டில் யார் யார் படுத்திருப்பார்கள்?’ என்று வரும். எரிச்சலோடுதான் போய் உட்கார்ந்தேன். ஒரு வளையல்காரர் பெட்டியைத் தலைக்கு வைத்து, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, தூக்கத்திலும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி அனுப்பினேன். அவர் நாவலில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை. அந்த மனிதர் என் கதைக்குள் வந்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அளத்துக்குப் போங்கள். விடியும்போதே போங்கள், வெயில் ஏறினால் நின்று பேச ஆள் கிடைக்காது. அப்புறம் அவருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு கதை எதையும் இணைக்க வேண்டாம். எனக்கு அனுப்பியதையும் நான் திறக்கவில்லை.