'வீடு சுத்துது' என்று அழும் ஐந்து வயது மகள்

கேள்வி: ஐந்து வயது மகள் விளையாடும்போதே திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு 'வீடு சுத்துது' என்று அழுகிறாள். முகம் வெளிறிவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் பழையபடி ஓடிப்போகிறாள். மூன்று மாதத்தில் நான்கு முறை வந்துவிட்டது. கண்ணேறு என்கிறார் மாமியார். குளத்தில் குளித்துக் காதில் தண்ணீர் போயிருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தலைக்கு ஸ்கேன் எடுக்கவா டாக்டர்?
- ஒரு தாய், தக்கலை

பதில்: 'பழையபடி ஓடிப்போகிறாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். இந்த வயதில் இப்படிச் சட்டென்று வந்து போகும் சுற்றல் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் உறவுக்காரன். தலைவலி இல்லாமல் சுற்றல் மட்டும் வரும். உங்களுக்கோ கணவருக்கோ ஒற்றைத் தலைவலி உண்டா? பஸ்ஸில் போனால் அவளுக்குக் குமட்டுமா? உண்டென்றால் என் சந்தேகம் வலுக்கும். வளர வளரப் பலருக்கு இது தானாகவே நின்றுவிடும்.

செவிப்பறையில் ஓட்டை இல்லையென்றால் குளத்துத் தண்ணீர் அதைத் தாண்டாது. ஆனால் சளி பிடித்த பிறகு செவிப்பறைக்கு உள்பக்கம் நீர் கோர்த்தால் காதும் மந்தமாகும், நடையும் தடுமாறும். அதனால் காதையும் கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது மட்டும் வேண்டாம்.

அடுத்த முறை வந்தால் உட்கார வைத்து, போனில் அவள் கண்களை வீடியோ எடுங்கள். கருவிழி துடிதுடித்து ஆடுகிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாளா என்று அதில் தெரியும். பல நேரம் ஸ்கேனைவிட அந்த வீடியோதான் எங்களுக்கு உதவும். நினைவு தப்பினால் கதை வேறு. வலிப்பையும் இதயத்தையும் பார்க்க வேண்டிவரும்.

காலையில் தலைவலியோடு வாந்தி, சுற்றல் இல்லாத நேரத்திலும் தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது, திடீரென்று காது கேளாமை, தலையில் அடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது ஸ்கேன் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

பெரியவர்களின் தலைச்சுற்று மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அவற்றில் பீட்டாஹிஸ்டின் 18 வயதுக்குக் கீழ் பரிந்துரைக்கப்படுவதில்லை. புரோகுளோர்பெரசின் சில குழந்தைகளுக்குக் கழுத்தை ஒரு பக்கமாகத் திருகி இழுத்துவிடும். வேளைக்குச் சாப்பாடு, போதிய தண்ணீர், நல்ல தூக்கம், இப்போதைக்கு இவை போதும். அடிக்கடி வந்து பள்ளிக்கூடம் கெட்டால் சுற்றல் வராமல் தடுக்கும் மருந்து பற்றி யோசிக்கலாம்.

கண்ணேறு கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; ஆனால் குளத்துப் படித்துறைக்கும் மொட்டை மாடிக்கும் அவளைத் தனியே விடாதீர்கள்.